வலிப்பு நோயும் வாசனை உணர்வும்: ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிட ஒரு முழுமையான வழிகாட்டி

"வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு வாசனை உணர்வு குறைகிறதா?" கேட்க எளிய கேள்வி. ஆனால் இதற்கு ஒற்றை எண்ணில் பதில் தேடிக் கிளம்பும் ஆய்வுத்தொகுப்பு பெரும்பாலும் தவறான இடத்தில்தான் போய் நிற்கும். வாசனை உணர்வு என்று நாம் ஒரே சொல்லில் அழைப்பது உண்மையில் நாலைந்து தனித்தனித் திறன்கள். வலிப்பு நோய் அவை எல்லாவற்றையும் ஒரே அளவில் தொடுவதில்லை. இந்த வழிகாட்டியில் வரும் ஒவ்வொரு படியும் அந்தத் திறன்களைக் கலக்காமல் காப்பதற்காகவே.

புள்ளியியல் அடிப்படை ஓரளவு தெரிந்த, முறைசார் ஆய்வுத்தொகுப்பு ஒன்றைத் தொடங்கவிருக்கும் மருத்துவ மாணவர், நரம்பியல் மருத்துவர், உளவியலாளர் ஆகியோரை மனத்தில் வைத்து இது எழுதப்படுகிறது.

தொடங்கும் முன்: மூக்கிலிருந்து மூளைக்கு

வழித்தடம் தெரியாமல் இந்த ஆய்வுகளைப் படித்தால் பாதி விஷயம் பிடிபடாது. மூக்கின் உச்சியிலுள்ள முகர்செல்களின் இழைகள் சல்லடை எலும்பைத் துளைத்து முகர்குமிழை அடைகின்றன. அங்கிருந்து செய்தி பிரிஃபார்ம் புறணி, அமிக்டலா, என்டோரைனல் புறணி ஆகிய மூளைப் பகுதிகளுக்குப் போகிறது. பார்வையும் கேட்டலும் தலாமஸ் என்ற இடைநிலையம் வழியாகத்தான் புறணிக்கு வரும். வாசனைக்கு அந்த இடைநிறுத்தம் தேவையில்லை. இன்னொரு தனித்தன்மையும் உண்டு. இடது மூக்குத்துளையின் செய்தி பெரும்பாலும் இடது மூளைக்கே போகிறது, வலது துளையின் செய்தி வலது மூளைக்கே. இந்த ஒரே பக்க அமைப்பை மறந்துவிட்டால் அறுவை சிகிச்சை பற்றிய கட்டுரைகள் முழுவதையும் பிழையாகப் புரிந்துகொள்ள நேரும்.

டெம்போரல் மடல் (மூளையின் பக்கவாட்டுப் பகுதி) வலிப்பு கிளம்பும் இடமும் இதே அக்கம்பக்கம்தான். 1899-ல் ஹியூலிங்ஸ் ஜாக்சனும் ஸ்டூவர்ட்டும் மணப் பிரமையோடு தொடங்கும் வலிப்புகளை 'அன்சினேட்' வகை என்று விவரித்தார்கள். 1985-ல் பிரெட்டாவும் கேலும் எலி மூளையில் பிரிஃபார்ம் புறணியின் முன்பகுதிக்கு ஆழத்திலுள்ள ஒரு சிறு புள்ளியில் மிகச் சிறு அளவு மருந்து செலுத்தினாலே வலிப்பு கிளம்புவதைக் காட்டினார்கள். அந்த இடம் 'ஏரியா டெம்பெஸ்டாஸ்' என்று பெயர் பெற்றது. ஆக, வாசனைப் புறணி வலிப்பால் பாதிக்கப்படும் இடம் மட்டுமல்ல, வலிப்பைத் தூண்டவும் பரப்பவும் கூடிய இடம். 2019-ல் ஜாமா நியூராலஜி இதழில் கலோவிச் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், டெம்போரல் மடல் அறுவை சிகிச்சையில் பிரிஃபார்ம் புறணியில் பாதியாவது அகற்றப்பட்டவர்களுக்கு வலிப்பிலிருந்து விடுபடும் வாய்ப்பு வெகுவாகக் கூடியிருந்தது. அகற்ற வேண்டும் என்று அறுவை மருத்துவர் நினைக்கும் திசுவும் வாசனையை அறியும் திசுவும் ஒன்றே. இந்தத் தொகுப்பை யாராவது கவனமாகச் செய்தாக வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை.

படி 1: கேள்வியைக் கூறுபோடுங்கள்

கீழ்க்கண்டவை ஒவ்வொன்றும் தனிப் பெட்டி. தரவு அட்டவணையில் இவை ஒரே நெடுவரிசையில் சேரவே கூடாது.

- மண ஆரா: வலிப்பின் தொடக்கமாக, வெளியே மணம் ஏதும் இல்லாதபோது தோன்றும் வாசனை. பெரும்பாலும் அருவருப்பானது. இது வலிப்பின் அறிகுறி, திறன் குறைபாடு அல்ல.
- உணர்வரம்பு: எவ்வளவு குறைந்த செறிவில் 'ஏதோ மணக்கிறது' என்று தெரிகிறது.
- வேறுபடுத்தல்: இரண்டு மணங்களும் ஒன்றா வேறா என்று சொல்வது.
- இனங்காணல்: இன்ன மணம் என்று பெயரைச் சுட்டுவது.
- மண நினைவு: முன்பு முகர்ந்ததைப் பின்னர் அடையாளம் காண்பது.

இந்தப் பிரிவினை எவ்வளவு அவசியம் என்பதற்கு ஹென்றி மொலைசனை விட நல்ல சான்று கிடைக்காது. 1953-ல் வலிப்பைக் கட்டுப்படுத்துவதற்காக இரு பக்க டெம்போரல் மடல்களின் உட்பகுதிகளும் அகற்றப்பட்டவர் அவர். 1983-ல் ஐக்கன்பாம் குழுவினர் அவருடைய முகர்திறனைச் சோதித்தபோது மணம் இருப்பதை உணர்வதும் அதன் வலுவை மதிப்பிடுவதும் இயல்பாக இருந்தன. ஆனால் ஒரு மணத்தை இன்னொன்றிலிருந்து பிரித்தறியவோ இனங்காணவோ அவரால் முடியவில்லை. உணர்வரம்பையும் இனங்காணலையும் கூட்டிச் சராசரி எடுத்திருந்தால் அவர் 'மிதமான குறைபாடு உடையவர்' ஆகியிருப்பார். அப்படி ஒரு நிலையில் அவர் இருக்கவே இல்லை.

பெட்டிகளைப் பிரித்த பின் நோயாளிகளையும் பிரியுங்கள்: டெம்போரல் மடல் வலிப்பு, பிற குவிய வலிப்புகள் (மூளையின் ஒரு பகுதியில் தொடங்குபவை), பொதுமை வலிப்புகள் (மூளையின் இரு பக்கமும் தொடங்குபவை), அறுவைக்கு முன், அறுவைக்குப் பின், இடது, வலது. முதன்மைக் கேள்வி ஒன்றே ஒன்று இருக்கட்டும். எடுத்துக்காட்டாக: 'அறுவை சிகிச்சை செய்துகொள்ளாத, டெம்போரல் மடல் வலிப்புள்ள பெரியவர்களின் இனங்காணல் மதிப்பெண், வலிப்பு இல்லாதவர்களுடையதிலிருந்து எவ்வளவு வேறுபடுகிறது?' மற்றவை எல்லாம் துணைக் கேள்விகள்.

படி 2: திட்டத்தை முன்கூட்டியே பதியுங்கள்

ஆய்வுத்தொகுப்புத் திட்டங்களுக்கென 2011 முதல் இயங்கும் பிராஸ்பெரோ பதிவேட்டில், தரவு எடுக்கத் தொடங்கும் முன்பே திட்டத்தைப் பதிய வேண்டும். அதற்கு முன் அதே பதிவேட்டில் யாராவது இதே வேலையைச் செய்துகொண்டிருக்கிறார்களா என்று பாருங்கள். 1995-ல் எபிலெப்சியா இதழில் வெஸ்ட்டும் டோட்டியும் எழுதிய விமரிசனக் கட்டுரை, 2019-ல் நியூரோசைகாலஜி ரிவ்யூ இதழில் குர்ஷித் குழுவினர் வெளியிட்ட மெட்டா பகுப்பாய்வு (பல ஆய்வுகளின் எண்களை ஒன்றிணைக்கும் கணக்கு) இரண்டையும் முழுமையாகப் படித்துவிட்டு, உங்கள் தொகுப்பு எதைப் புதிதாகச் சேர்க்கப் போகிறது என்று ஒரு பத்தியில் எழுதுங்கள். அந்தப் பத்தி வரவில்லை என்றால் கேள்வியை மாற்றுங்கள். அறிக்கையிடலுக்கு பிரிஸ்மா 2020-ன் 27 அம்சப் பட்டியலை இப்போதே திறந்து வைத்துக்கொள்ளுங்கள்; கடைசியில் நிரப்பினால் பாதிக்கு விடை இருக்காது.

படி 3: தேடல்

பப்மெட், எம்பேஸ், ஸ்கோபஸ் அல்லது வெப் ஆஃப் சயின்ஸ், சைக்இன்ஃபோ ஆகிய நான்கு தரவுத்தளங்களும் வேண்டும். இந்தத் துறையின் நல்ல ஆய்வுகள் பல நரம்பு உளவியல் இதழ்களில் வந்தவை என்பதால் சைக்இன்ஃபோவை விடக் கூடாது.

தேடல் வரி இரண்டு தொகுதிகள் கொண்டது. முதல் தொகுதியில் வாசனைச் சொற்கள்: ஸ்மெல், ஆல்ஃபாக்‌ஷன், ஓடர், அனோஸ்மியா, ஹைபோஸ்மியா, சோதனைகளின் பெயர்கள். ஓடர் என்பதை அமெரிக்க, பிரிட்டிஷ் இரு எழுத்துக்கூட்டலிலும் இடுங்கள். ஒன்றை மட்டும் இட்டதால் கட்டுரைகள் தவறிப்போவது சாதாரணம். இரண்டாம் தொகுதியில் நோய்ச் சொற்கள். இங்கேதான் பெரும்பாலான தேடல்கள் சறுக்குகின்றன.

காரணம் இது. பழைய முக்கிய ஆய்வுகளில் பல, தலைப்பில் 'எபிலெப்சி' என்ற சொல்லையே கொண்டிருக்காது. 1975-ல் நேச்சர் இதழில் ராஷ், செராஃபெட்டினிடஸ் எழுதிய கட்டுரையின் தலைப்பு 'டெம்போரல் மடல் சிதைவுகள்' பற்றிப் பேசுகிறது. 1988-ல் ஜோன்ஸ்-காட்மன், சட்டோரே எழுதியது 'பெருமூளையில் குவிய வெட்டு செய்யப்பட்டவர்கள்' என்கிறது. அந்தக் காலக் கட்டுரைகளுக்குத் தரவுத்தளத்தில் சுருக்கம் இல்லாமலும் இருக்கலாம். அப்போது தலைப்பு ஒன்றே வழி. எனவே டெம்போரல் லோபெக்டமி (மடலை வெட்டி அகற்றுதல்), அமிக்டலோ-ஹிப்போகேம்பெக்டமி (அமிக்டலா, ஹிப்போகேம்பஸ் பகுதிகளை அகற்றுதல்), எக்சிஷன், ரீசெக்‌ஷன், டெம்போரல் லோப் ஆகியவற்றையும் சேருங்கள். வலிப்பின் பெயர்களும் காலத்துக்குக் காலம் மாறியிருக்கின்றன: சைக்கோமோட்டார், காம்ப்ளெக்ஸ் பார்ஷியல், அன்சினேட் ஆகிய பழைய பெயர்களும் வரியில் இருக்கட்டும்.

'மனிதர்கள் மட்டும்' என்ற வடிகட்டியைச் சொடுக்காதீர்கள். புதிதாக ஏறிய, இன்னும் குறிச்சொல் இடப்படாத கட்டுரைகளை அது விழுங்கிவிடும். எலிகளின் முகர்குமிழ் ஆய்வுகள் குப்பையாக வந்து குவியும்தான். அவற்றைக் கையால் தள்ளுவது, நல்லதை இழப்பதைவிட மேல்.

தேடல் வரி சரியா என்று அறிய ஒரு சோதனை: ஏற்கெனவே தெரிந்த பத்து கட்டுரைகளைத் தனியே குறித்து வைத்துக்கொண்டு, உங்கள் வரி பத்தையும் கொண்டுவருகிறதா என்று பாருங்கள். ஒன்று தவறினாலும் ஏன் தவறியது என்று கண்டுபிடித்து வரியைத் திருத்துங்கள். பிறகு, சேர்த்த ஒவ்வொரு கட்டுரையின் மேற்கோள்களையும், அதை மேற்கோள் காட்டிய கட்டுரைகளையும் துழாவுங்கள்.

படி 4: சலித்தல்

இருவர் தனித்தனியே சலிக்க வேண்டும். கருத்து வேறுபட்டால் மூன்றாமவர் தீர்க்கட்டும். முதல் ஐம்பது கட்டுரைகளை ஒத்திகையாகச் செய்து, எங்கே முரண்பட்டோம் என்று பேசி, விதிகளைக் கூர்மையாக்கிய பிறகு மீதியைத் தொடங்குங்கள். ரய்யான் போன்ற மென்பொருள் இதற்குப் போதும்.

நோயறிதல் வரையறையில் ஒரு சிக்கல் வரும். சர்வதேச வலிப்புநோய் எதிர்ப்புக் கழகத்தின் 2014 வரையறைப்படி, 24 மணி நேரத்துக்கு மேல் இடைவெளியில் தூண்டுதலின்றி இரண்டு வலிப்புகள் வந்திருக்க வேண்டும். அல்லது ஒரு வலிப்பும், அடுத்த பத்து ஆண்டுகளில் மீண்டும் வர குறைந்தது 60 சதவீத வாய்ப்பும் இருக்க வேண்டும். அல்லது வலிப்பு நோய்த்தொகை ஒன்று கண்டறியப்பட்டிருக்க வேண்டும். இதை 1980-களின் கட்டுரையில் தேடினால் கிடைக்காது. அந்தந்தக் காலத்து அளவுகோலை ஏற்றுக்கொண்டு, எம்.ஆர்.ஐ. பரவலாவதற்கு முந்தைய ஆய்வா பிந்தைய ஆய்வா என்று தனியே குறித்துவையுங்கள்.

படி 5: தரவு எடுத்தல் — உழைப்பு வேண்டிய இடம்

முதலில் சோதனைக் கருவிகளைக் கையிலெடுத்ததுபோல் அறிந்துகொள்ள வேண்டும்.

1984-ல் டோட்டி குழுவினர் வெளியிட்ட யூப்சிட் சோதனை, சுரண்டி முகரும் 40 மணங்களைக் கொண்டது. ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள். கண்ணை மூடிக்கொண்டு விடை சொன்னாலும் சராசரியாக 10 மதிப்பெண் வந்துவிடும். ஆகவே 12 என்பது 'கொஞ்சம் தெரிகிறது' என்று பொருள்படாது. ஸ்னிஃபின் ஸ்டிக்ஸ் 1997-ல் வெளியானது, பேனா வடிவிலானது. அதில் உணர்வரம்பு, வேறுபடுத்தல், இனங்காணல் ஒவ்வொன்றும் 16 வரை. மூன்றும் சேர்ந்து 48. பேனா முனையை மூக்கிலிருந்து சுமார் 2 சென்டிமீட்டர் தொலைவில், ஏறத்தாழ 3 விநாடி பிடிப்பார்கள். மணங்களுக்கிடையே போதிய இடைவெளி விடாவிட்டால் மூக்கு மரத்துப்போய் உணர்வரம்பு பொய்யாகக் கெடும். முறையியல் பகுதியில் இடைவெளியின் அளவு எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். 48-க்கான மொத்த மதிப்பெண்ணை மட்டும் தரும் கட்டுரையாக இருந்தால், மூன்று பகுதிகளையும் தனியே கேட்டு ஆசிரியருக்கு எழுதுங்கள். மொத்தத்தை இனங்காணல் பெட்டியில் போட்டுவிடாதீர்கள்.

அடுத்தது, ஒரு மூக்கா இரண்டு மூக்கா. இரு துளைகளாலும் சேர்த்து முகர்ந்தால் மதிப்பெண் பெரும்பாலும் நல்ல துளையின் மதிப்பெண்ணாகவே இருக்கும். வலது டெம்போரல் மடல் அகற்றப்பட்டவரின் வலது துளை திறன் இழந்திருந்தாலும் இடது துளை அதை மறைத்துவிடும். அறுவைக்குப் பிந்தைய ஆய்வுகளில் 'மாற்றம் இல்லை' என்ற முடிவைப் பார்த்தால் முதலில் இதைச் சரிபாருங்கள். தனித்துளைச் சோதனை என்றால், மறு துளை எப்படி அடைக்கப்பட்டது, எந்தத் துளை முதலில் என்பது மாற்றி மாற்றி வைக்கப்பட்டதா ஆகிய இரண்டையும் குறியுங்கள்.

மூன்றாவது, மொழியின் குறுக்கீடு. இனங்காணல் சோதனை என்பது மூக்கை மட்டும் சோதிப்பதில்லை. விடைகளைப் படிக்க வேண்டும், பெயர் நினைவுக்கு வர வேண்டும். இடது டெம்போரல் மடல் வலிப்பில் பொருள்களுக்குப் பெயர் சொல்லும் திறனே தளர்ந்திருப்பதுண்டு. இடப்பக்கக் குழுவில் இனங்காணல் குறைந்து வேறுபடுத்தல் இயல்பாக இருந்தால், அது மண இழப்பா சொல் இழப்பா என்று கேட்டாக வேண்டும். பெயர்சொல் சோதனை மதிப்பெண், பொது அறிதிறன் மதிப்பெண் இருந்தால் எடுத்துவையுங்கள். பழக்கமில்லாத மணங்களும் இதே குழப்பத்தைத் தரும்: ஒரு நாட்டில் உருவான சோதனையை இன்னொரு நாட்டில் அப்படியே பயன்படுத்தியிருந்தால், அந்த நாட்டு ஒப்பீட்டுக் குழு இருந்தே தீர வேண்டும். கருவியோடு வந்த வெளிநாட்டுச் சராசரியோடு ஒப்பிட்டது செல்லாது.

இவை தவிர, ஒவ்வொரு ஆய்விலும் எடுக்க வேண்டியவை: வயது, பாலினம், புகைப்பழக்கம், மூக்கு நோய், நோயின் காலஅளவு, வலிப்பின் எண்ணிக்கை, மருந்துகள், மனச்சோர்வு மதிப்பெண், கடைசி வலிப்புக்கும் சோதனைக்கும் இடைவெளி. கடைசியாகச் சொன்னதைப் பல கட்டுரைகள் சொல்வதில்லை. இல்லை என்பதையே தரவாகப் பதியுங்கள். தலைக்காயத்துக்குத் தனிக் கவனம் தேவை. அடிபட்டபோது சல்லடை எலும்பில் முகர் இழைகள் அறுந்திருக்கலாம். அதே அடியால் வலிப்பும் வந்திருக்கலாம். அங்கே வலிப்பு வாசனையைக் கெடுக்கவில்லை, இரண்டையும் கெடுத்தது காயம். 2020-க்குப் பின் தரவு திரட்டிய ஆய்வுகளில் கோவிட் தொற்று விலக்கப்பட்டதா என்பதும் இன்றியமையாத கேள்வி. மருந்துகளில் டோபிராமேட் சுவையை மாற்றுவது தெரிந்த விஷயம். சுவை பற்றிய முறையீட்டை வாசனைக் குறைபாடாக எண்ணிவிட வேண்டாம்.

அறுவை சிகிச்சை ஆய்வுகளில், முன்டெம்போரல் லோபெக்டமியா, தெரிவு செய்த அமிக்டலோ-ஹிப்போகேம்பெக்டமியா, எந்தப் பக்கம், எத்தனை மாதங்களுக்குப் பின் சோதனை என்று எழுதுங்கள். ஒரே சோதனையை மறுபடி செய்யும்போது பழக்கத்தால் மதிப்பெண் ஏறும். ஒப்பீட்டுக் குழுவையும் இரண்டு முறை சோதித்திருந்தால்தான் முன்-பின் வேறுபாட்டை நம்ப முடியும்.

படி 6: நம்பகத்தன்மை மதிப்பீடு

ஒன்பது நட்சத்திர நியூகாஸில்-ஒட்டாவா அளவுகோலைப் பலரும் பயன்படுத்துகிறார்கள். அது மட்டும் போதாது. மூக்கு நோய் பரிசோதித்து விலக்கப்பட்டதா, புகைப்பழக்கம் ஈடு செய்யப்பட்டதா, சோதனை சரிபார்க்கப்பட்ட கருவியா, ஒப்பீட்டுக் குழுவினர் எங்கிருந்து வந்தார்கள் ஆகிய நான்கு கேள்விகளைத் துறைக்கேற்பச் சேருங்கள். நட்சத்திரங்களைக் கூட்டி ஒரே மதிப்பெண் தராமல் கேள்விவாரியாக விடையைக் காட்டுங்கள். ஏழு நட்சத்திரம் பெற்ற ஆய்வு, புகைப்பழக்கத்தைக் கேட்காமலே விட்டதாக இருக்கலாம்.

ஒப்பீட்டுக் குழு மருத்துவமனை ஊழியர்களாக இருந்தால் கல்வி வேறுபாடு வரும். டெம்போரல் மடல் வலிப்பை டெம்போரல் அல்லாத வலிப்போடும் ஒப்பிட்ட ஆய்வுகள் குறைவு. ஆனால் மருந்து, நோயோடு வாழும் சுமை இரண்டும் இரு பக்கமும் பெரிதும் ஒத்திருப்பதால் அவற்றின் சான்று வலுவானது. முடிவுரையில் அவற்றுக்குக் கூடுதல் இடம் கொடுங்கள்.

படி 7: கணக்கு

வெவ்வேறு சோதனைகளை ஒப்பிட ஹெட்ஜஸ் ஜி அளவை (சராசரிகளின் வேறுபாட்டைத் திட்ட விலக்கத்தால் வகுத்து, சிறு மாதிரிக்குத் திருத்தியது) பயன்படுத்துங்கள். கற்பனை எண்களால் ஒருமுறை செய்து பார்க்கலாம். நோயாளிகள் 30 பேர், சராசரி 31, திட்ட விலக்கம் 5. ஒப்பீட்டுக் குழு 30 பேர், சராசரி 35, திட்ட விலக்கம் 4. கூட்டுத் திட்ட விலக்கம் என்பது 25, 16 இரண்டின் சராசரியான 20.5-ன் வர்க்கமூலம், அதாவது 4.53. வேறுபாடு 4-ஐ அதனால் வகுத்தால் 0.88. சிறு மாதிரித் திருத்தம் 0.987-ஆல் பெருக்கினால் 0.87. திட்டப் பிழை 0.27. ஆகவே 95 சதவீத நம்பக இடைவெளி 0.34 முதல் 1.40 வரை.

இப்போது இதே ஆய்வு, திட்ட விலக்கத்துக்குப் பதில் திட்டப் பிழையை அட்டவணையில் தந்திருந்தது, நீங்கள் கவனிக்கவில்லை என்று வையுங்கள். 5-க்குப் பதில் 0.91, 4-க்குப் பதில் 0.73. விளைவு 4.8 ஆக எகிறும். ஜி மதிப்பு 2-ஐத் தாண்டினால் உடனே மூலக் கட்டுரைக்குத் திரும்புங்கள். பெரும்பாலும் இந்தப் பிழைதான். திட்டப் பிழையை மாதிரி எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் பெருக்கினால் திட்ட விலக்கம் கிடைத்துவிடும்.

இன்னொரு பொறி, திசை. ஸ்னிஃபின் ஸ்டிக்ஸில் உணர்வரம்பு எண் கூடினால் நல்லது. செறிவின் மடக்கையாகத் தரும் சோதனைகளிலோ எண் குறைந்தால்தான் நல்லது: −6 என்பது −3-ஐவிடக் கூர்மையான மூக்கு. எல்லாவற்றையும் 'நேர்மறை என்றால் நோயாளிகள் மோசம்' என்று ஒரே திசைக்குத் திருப்பிவிட்டு, திருப்பியவற்றைத் தனி நெடுவரிசையில் குறியுங்கள். ஒரே பிழை முழு முடிவையும் புரட்டிவிடும்.

ஒரே ஆய்வில் இடது, வலது இரு குழுக்களையும் ஒரே ஒப்பீட்டுக் குழுவோடு ஒப்பிட்டிருந்தால், ஒப்பீட்டுக் குழுவை இரண்டு முறை எண்ணாதீர்கள். எண்ணிக்கையைப் பாதியாகப் பிரியுங்கள் அல்லது நோயாளிகளை ஒன்றாக்குங்கள். ஒருவரின் இரு மூக்குத்துளைகளும் இரு தனி மனிதர்கள் அல்ல. ஒரே மையம் பல ஆண்டுகள் வெளியிட்ட கட்டுரைகளில் அதே நோயாளிகள் மீண்டும் மீண்டும் வருவார்கள். சேர்க்கைக் காலத்தையும் அறுவை வகையையும் ஒப்பிட்டுப் பெரிய மாதிரியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

உண்மை விளைவு ஆய்வுக்கு ஆய்வு மாறலாம் என்று கொள்ளும் ரேண்டம்-எஃபெக்ட்ஸ் முறையே இங்கு பொருந்தும். ஆர் மொழியின் மெட்டாஃபோர் தொகுப்பு போதுமானது. ஆய்வுகள் குறைவாக இருந்தால் ஹார்ட்டுங்-நாப் திருத்தத்தை இயக்குங்கள். ஆய்வுகளுக்கிடையிலான வேறுபாட்டைக் காட்டும் ஐ-ஸ்கொயரை மட்டும் எழுதி நிறுத்தாமல் கணிப்பு இடைவெளியையும் தாருங்கள். அடுத்து வரும் ஆய்வு எங்கே விழலாம் என்று வாசகருக்கு அதுதான் சொல்லும். வெளியீட்டுச் சாய்வுக்கான (சாதகமான முடிவுகளே அதிகம் வெளியாவதைக் கண்டறியும்) எக்கர் சோதனையைப் பத்து ஆய்வுகளுக்குக் குறைவாக இருந்தால் செய்ய வேண்டாம்.

படி 8: எழுதுதல்

முடிவுகளைப் பெட்டி பெட்டியாகவே தாருங்கள். டெம்போரல் மடல் வலிப்பில் இனங்காணல், வேறுபடுத்தல், மண நினைவு ஆகியவற்றில் குறை தெரிவதும், உணர்வரம்பு பெரும்பாலும் தப்புவதும் இந்தத் துறையில் மீண்டும் மீண்டும் காணப்படும் கோலம். உங்கள் தொகுப்பு இதிலிருந்து விலகினால் முதலில் தரவைச் சோதியுங்கள். தரவு சரியென்றால் விலகலைத் தயங்காமல் எழுதுங்கள். சான்றின் உறுதியை கிரேடு முறையில் பெட்டிவாரியாகக் குறியுங்கள். கவனிப்பு ஆய்வுகள் 'குறைந்த உறுதி'யில் தொடங்குவதால் அந்தச் சொல் உங்கள் அட்டவணையில் வருவதில் வெட்கப்பட ஏதுமில்லை.

அறுவை சிகிச்சைக்குத் தயாராகும் ஒருவர் இதைப் படிக்கலாம் என்பதை மறவாதீர்கள். 'முகர்திறன் குறையலாம்' என்று பொதுப்படையாக எழுதினால், எரிவாயுக் கசிவோ கெட்டுப்போன உணவோ தெரியாமல் போகும் என்றுதான் அவர் அஞ்சுவார். உணர்வரம்பு தப்பியிருந்தால் 'ஏதோ மணக்கிறது' என்பது அவருக்குத் தெரியும். எது என்று சொல்வதுதான் கடினமாகலாம். இந்த வேறுபாட்டை எளிய மொழிச் சுருக்கத்தில் கட்டாயம் எழுதுங்கள்.

கட்டுரையை அனுப்பும் முன் கடைசித் தேடலுக்கு ஓராண்டு ஆகியிருந்தால் எல்லாத் தரவுத்தளங்களிலும் அதே வரியை மீண்டும் ஓட்டுங்கள். தேடல் வரிகள், விலக்கிய கட்டுரைகளும் விலக்கிய காரணங்களும், தரவு அட்டவணை, கணக்கு நிரல் நான்கையும் பொது வைப்பகத்தில் ஏற்றுங்கள். திசை திருப்பிய எண்களைக் குறித்த நெடுவரிசையும் அதில் இருக்கட்டும்; அடுத்து இதைப் புதுப்பிப்பவர் முதலில் தேடப்போவது அதைத்தான்.